கண்ணுக்கு மங்கல், முருகைக்கு வெயில்

உங்களில் பலரது வீட்டில் என்றைக்காவது ஒரு மீன் தொட்டி இருந்திருக்கும். டெலிவிஷன் அலுமாரிக்குப் பக்கத்தில் இரண்டு தங்க மீன், நாலைந்து கப்பி மீன், மேலே ஒரு சின்ன டியூப் லைட். பிள்ளைகள் அழுது பிடித்து வாங்குவார்கள். முதல் மாதம் அவர்களே தண்ணீர் மாற்றுவார்கள். இரண்டாம் மாதம் முதல் அந்த வேலை உம்மாவின் தலையில் விழும். இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. வித்தியாசம் என்னவென்றால், எங்கள் தொட்டியில் இருப்பது கடல் தண்ணீர். அதில் வளர்வது முருகை. உயிருள்ள முருகை.

நான் கற்பிட்டியில் பிறந்தவள். திருமணமாகி வந்து இருபது வருடங்களுக்கு மேலாக இங்கிலாந்தில், மான்செஸ்டரில் இருக்கிறேன். எங்கள் மூத்த மகன் 2019ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், காலையில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டுச் சேர்த்த காசில் இந்தத் தொட்டியைத் தொடங்கினான். தொண்ணூறு லீற்றர் கொள்ளும். அறுபது சென்டிமீற்றர் நீளம். பெரிய சூட்கேஸ் ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில்லாத ஊரில் கடல் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். சுத்திகரித்த தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைக்க வேண்டும், லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம். சாப்பாட்டு உப்புச் சரிவராது. தண்ணீரின் சூடு 25 பாகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். குளிர் நாட்டில் அதற்கு ஒரு ஹீட்டர் தேவை.

முருகைத் துண்டுகள் கடையில் வளர்த்தவை. பெரிய முருகையில் பெருவிரல் அளவு வெட்டி, சின்னக் கல்லொன்றில் ஒட்டி விற்பார்கள். செடியில் கம்பு முறித்து நடுகிறோமே, அது மாதிரி. இதை வாசித்துவிட்டு யாரும் ஹிக்கடுவையிலோ பாசிக்குடாவிலோ இறங்கி உடைத்து வந்துவிடாதீர்கள். நம் நாட்டின் கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். அது குற்றமாக இல்லாதிருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். ஏனென்று பின்னால் விளங்கும்.

2022 செப்டெம்பரில் மகன் பல்கலைக்கழகத்துக்கு வேறு நகரம் போனான். தொட்டி எனக்கு வந்து சேர்ந்தது. போகும்போது ஒரு கொப்பியில் எல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் போனான். மீனுக்கு எவ்வளவு தீனி, ஞாயிற்றுக்கிழமை பத்து லீற்றர் தண்ணீர் மாற்ற வேண்டும், கண்ணாடியில் பாசி பிடித்தால் எப்படிச் சுரண்டுவது. ஒரு பாடசாலைச் சமையலறையில் அரைநாள் வேலை செய்துவிட்டு இரண்டு மணிக்கு வீடு வந்தால், சின்னவள் வரும்வரை வீட்டில் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் தொட்டிக்கு முன்னால் போய் உட்காருவேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு வெள்ளை மீசை இறால், பிறகு அந்த முருகைகள். அவன் முதன்முதல் வாங்கியது டோர்ச் கோரல் என்பது. கல்லுக் குழலிலிருந்து விரல் விரலாக வெளியே வந்து நீரோட்டத்தில் ஆடும், நுனி மட்டும் மஞ்சளாக மின்னும். வாங்கும்போது அதற்கு ஒரு தலை. அவன் போகும்போது மூன்று தலையாகப் பிரிந்திருந்தது. மேலே கல்லின் உச்சியில் மொன்டிபோரா என்ற ஒன்று, தட்டுப் போல விரிந்து வளர்வது, செம்மண் நிறம். கீழே சில காளான் முருகைகள்.

உண்மையைச் சொன்னால் நான் பார்த்துக்கொண்டிருந்தது முருகையை அல்ல.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன்.

முருகை பார்வைக்குச் செடி மாதிரி இருந்தாலும் அது ஒரு பிராணி. ஆனால் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. சூசாந்தெல்லே என்பது அவற்றின் பெயர். அவை வெளிச்சத்தை வாங்கி, நாம் பாடசாலையில் படித்த அதே ஒளித்தொகுப்பைச் செய்து, உண்டாக்கும் உணவில் பெரும்பகுதியை முருகைக்குக் கொடுக்கின்றன. முருகை அவற்றுக்கு இருக்க இடமும் தன் கழிவிலுள்ள சத்தும் கொடுக்கிறது. வீட்டுக்காரனும் வாடகைக்காரனும் மாதிரி. இந்த முருகைகளின் சோற்றில் முக்கால்வாசிக்கு மேல் வெளிச்சத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே தொட்டிக்கு மேலுள்ள விளக்கு அலங்காரமல்ல, அது சாப்பாடு.

மகன் பூட்டியிருந்தது டி5 எனப்படும் மெல்லிய டியூப் லைட்டுகள். 24 வாட்ஸ் டியூப் நான்கு. இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. நல்ல விளக்குத்தான். வெளிச்சம் தொட்டி முழுவதும் சமமாக விழும், நிழல் குறைவு. ஆனால் டியூப்கள் எரிய எரிய நலிந்துபோகும். கண்ணுக்கு அப்படியே எரிவது போலத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். ஒரு டியூப் பதினைந்து பவுண்ட். பாதரசம் இருப்பதால் இந்த வகைக் குழல்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டோடு பொதுப் பாவனைச் சந்தையை மூடியும் விட்டது.

எனக்கு அப்போது இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. எனக்குக் கண்ணில் பட்டது கரண்ட் பில். உக்ரைன் யுத்தத்துக்குப் பிறகு இங்கே மின்சாரம் ஏறிய விதத்தை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாட்டில் நீங்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நாங்கள் பட்டது பெரிதல்ல, என்றாலும் 2021இன் கடைசியில் ஒரு யூனிட் 21 பென்ஸ் அளவில் இருந்தது, 2022 ஒக்டோபரில் 34 ஆயிற்று. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டியூப் நான்கும் சேர்ந்து கிட்டத்தட்ட நூறு வாட்ஸ். நாளுக்குப் பத்து மணித்தியாலம் எரிந்தால் ஒரு யூனிட். மாதத்துக்குப் பத்துப் பவுண்ட், விளக்குக்கு மட்டும். எல்ஈடி விளக்கு என்றால் அதில் பாதியிலும் குறைவு. டியூப் மாற்றும் செலவும் இல்லை. ஒன்றேகால் வருடத்தில் விளக்கின் விலை திரும்பி வந்துவிடும்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்த மகனிடம் சொன்னேன். "செய்யலாம் உம்மா. ஆனா அவசரப்படாதீங்க. ஈஸ்டர் லீவுக்கு வந்து நானே மாத்துறன். அது மெதுவாச் செய்ற வேலை" என்றான்.

நான் பொறுக்கவில்லை. ஜனவரியில் பாவித்த எல்ஈடி விளக்கொன்று 150 பவுண்டுக்குக் கிடைத்தது. சேர்த்து வைத்த காசில் வாங்கினேன். அவன் வரும்போது காட்டி அசத்த வேண்டும் என்று ஒரு ஆசை. அவனுடைய வாப்பாவும் அவருடைய தம்பியும் சேர்ந்து பழைய விளக்கைக் கழற்றி, புதியதைத் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பூட்டிக் கொடுத்தார்கள். அது ஏழாம் திகதி, சனிக்கிழமை.

சுவிட்சைப் போட்டதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மங்கல்! டியூப் லைட்டில் பளிச்சென்று இருந்த தொட்டி, நீல இருட்டில் மூழ்கியது போல் இருந்தது. புதிய விளக்கில் நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. நீலத்தைத் தொண்ணூறு வீதத்துக்கும் வெள்ளையை அறுபதுக்கும் ஏற்றினேன். அப்போதும் பழைய அளவுக்குப் பிரகாசமில்லை. ஆனாலும் அழகு. டோர்ச்சின் நுனிகள் இரவு நேரக் கடைத்தெரு மாதிரி மின்னின. இவ்வளவு குறைந்த கரண்டில் இவ்வளவு வடிவா என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன்.

நான்காம் நாள் டோர்ச் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மொன்டிபோராவின் ஓரம் கொஞ்சம் வெளிறியது போல் இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விளக்கு மங்கல், வெளிச்சம் போதாமல்தான் இவை சுருங்குகின்றன என்று நினைத்தேன். வெள்ளையை எண்பதுக்கு ஏற்றினேன்.

பத்தாம் நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், மொன்டிபோராவின் மேல்பக்கம் வெள்ளை. காகிதம் மாதிரி வெள்ளை. டோர்ச்சின் மூன்று தலைகளில் ஒன்று கல்லுக் குழலுக்குள் முற்றாகப் பதுங்கியிருந்தது. கீழே நிழலில் இருந்த காளான்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல் இருந்தன. அதுவே எனக்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிரவு மகன் வட்ஸ்அப்பில் அழைத்தான். வழக்கம் போல, "தொட்டியைக் காட்டுங்க உம்மா" என்றான். "லைட் ஓஃப் பண்ணிட்டன் மகன், மீனெல்லாம் தூங்குது" என்று சொல்லிக் கமராவை சோபாவின் பக்கம் திருப்பினேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த நீல வெளிச்சம் என் முகத்தில் விழுந்ததை அவன் கண்டானோ என்னவோ.

யாரிடம் கேட்பது? கடைக்காரனிடம் கேட்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வாப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

என் வாப்பா கற்பிட்டியில் கடல் தொழில் செய்தவர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கலர் மீன் பிடிக்க முழுகப் போனவர். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களைச் சின்ன வலையால் ஒவ்வொன்றாகப் பிடித்து வருவார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே கடலுக்குள் இருக்கும் முருகைத் திட்டுகளை நாங்கள் 'பார்' என்போம். வெளியுலகம் பார் றீப் என்று சொல்லும், 1992இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அந்தப் பாரைத் தன் வீட்டு முற்றம் மாதிரி அறிந்தவர் வாப்பா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். முழுகியவர்களுக்கு அது வரும்.

அடுத்த நாள் காலை ஸலாம் சொல்லி, தொட்டிக்கு நேரே கமராவைப் பிடித்தேன். சற்று நேரம் பேசாமல் பார்த்தார்.

"கிட்டக் கொண்டுபோங்க மகள். இன்னும் கிட்ட."

கொண்டுபோனேன்.

"மேல பச்சப் பாசி ஏதும் புடிச்சிருக்கா?"

"இல்ல வாப்பா. வெள்ளையாத்தான் இருக்கு."

"அப்ப எறிஞ்சிடாதீங்க. வெளுத்ததும் மவுத்தாகினதும் ஒண்டில்ல. பாசி புடிச்சாத்தான் மவுத்து."

பிறகு, நான் கேட்காமலே, 1998ஐப் பற்றிக் கதைத்தார். அந்த வருடம் ஏப்ரலில், தென்மேற்குக் காற்று எழுந்து எங்கள் பக்கத்துக் கடல் மூடப்படுவதற்குச் சற்று முன், முழுகப் போனவர்களுக்குத் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்ததாம். கீழே பார்த்தால் பார் முழுக்க வெள்ளை. "மாவைத் தெளிச்ச மாதிரி" என்றார். முதலில் அவர்களுக்கு அது அழகாகத் தெரிந்ததாம். ஒருவர் வெள்ளைப் பூ பூத்திருக்கிறது என்றாராம். கடல் மூடியது. நவம்பரில் திரும்பப் போனபோது வெள்ளை இல்லை. எல்லாம் பச்சையும் கபிலமுமாகப் பாசி. மீன் இல்லை. "வீடு இருக்குது, ஆள் இல்ல. அப்பிடி இருந்திச்சி" என்றார்.

அந்த வருடம் எல் நினோவால் இந்து சமுத்திரம் முழுவதும் சூடேறியதையும், உலகத்து முருகையில் ஆறிலொரு பங்களவு அழிந்ததாகக் கணக்கிடப்பட்டதையும் நான் பின்னால் வாசித்து அறிந்தேன். எங்கள் பாரின் ஆழம் குறைந்த பகுதிகள் ஏறக்குறைய முற்றாக இறந்தன. பத்துப் பதினைந்து வருடமாக மெல்ல மெல்லத் திரும்பி வளர்ந்தன. 2016இல் மறுபடியும் கடல் சூடேறி மறுபடியும் வெளுத்தன. கலர் மீன் தொழிலையே நம்பியிருந்த எத்தனை வீடுகள் இடையில் இறால் பண்ணைக்கும் வெளிநாட்டுக்கும் போயின என்பதை எங்கள் ஊரார் அறிவார்கள். எங்கள் நானா குவைத்துக்குப் போனது 1999இல். அப்போது எனக்கு அது ஒரு தனிக் கதை என்றுதான் நினைப்பு.

கடலில் சூடு செய்ததை என் வீட்டில் வெளிச்சம் செய்திருந்தது. இரண்டும் ஒரே வாசலால்தான் நுழைகின்றன. அல்காவுக்குத் தாங்க முடியாத அளவு ஒளி விழும்போது அதன் ஒளித்தொகுப்பு குழம்பி, நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் வகைகள் உண்டாகின்றன. சூடு கூடினாலும் இதே குழப்பம், குறைந்த ஒளியிலேயே நடந்துவிடும். முருகை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த அல்காக்களை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் அவற்றோடு போய்விடும். மிஞ்சும் சதை கண்ணாடி மாதிரித் தெளிவானது; அதன் ஊடாகக் கல் வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே வெள்ளை என்பது பிணமல்ல, பட்டினி. சோறு சமைத்தவர்களைத் துரத்திவிட்ட வீடு. சில கிழமைகள் தாங்கும். அதற்குள் அல்காக்கள் மீண்டும் பெருகினால் பிழைக்கும்.

அன்றே நீலத்தை 25 வீதத்துக்கும் வெள்ளையை ஐந்துக்கும் இறக்கினேன். பத்து மணித்தியாலத்தை ஆறாக்கினேன். பழைய நுளம்பு வலையொன்றை வெட்டி இரண்டு மடிப்பாக விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் விரித்தேன். இரவில், விளக்கணைந்த பின், இறால் துணுக்குகளை மெல்லிய குழாயால் டோர்ச்சின் வாயருகே ஊதிவிட்டேன், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி பருக்குவது போல. மொன்டிபோராவின் வாய்கள் குண்டூசித் தலையிலும் சிறியவை. அதற்கு என்னால் ஊட்ட முடியவில்லை. நிழல்தான் கொடுக்க முடிந்தது.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. முன்னைவிட மங்கலாக எரிந்த விளக்கு எப்படி முன்னைவிடக் கூடிய வெளிச்சம் கொடுத்திருக்கும்?

இதற்கு விடை தேடித்தான் மீன் கடைக்குப் போனேன். அங்கே வெளிச்சம் அளக்கும் கருவியொன்றை முற்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாளுக்குத் தருகிறார்கள். ஒரு நீண்ட தண்டின் நுனியில் சின்னப் பொத்தான் மாதிரி ஒன்று. தண்ணீருக்குள் விட்டால் எண் காட்டும். செடியும் அல்காவும் பாவிக்கக்கூடிய ஒளித் துகள்கள் ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை விழுகின்றன என்பதுதான் அந்த எண். மைக்ரோமோல் கணக்கு. வெட்டவெளியில் உச்சி வெயில் ஏறக்குறைய 2000. தொட்டியில் காளான் வகைக்கு 50 முதல் 100 போதும், டோர்ச்சுக்கு நூறும் சொச்சமும், மொன்டிபோராவுக்கு 200க்கு மேல் வேண்டும், அதுவும் பழக்கிய பிறகு.

மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த பழைய டியூப் விளக்கை எடுத்து வந்து தொட்டிமேல் வைத்து முதலில் அளந்தேன். மொன்டிபோரா இருக்கும் இடத்தில் 160. பிறகு புதிய விளக்கை, வலையை எடுத்துவிட்டு, நான் ஏற்றி வைத்திருந்த அதே அளவுக்கு அரை நிமிடம் மட்டும் ஏற்றினேன். 480.

மூன்று மடங்கு. என் கண்ணுக்கு அது மங்கல்!

குற்றம் கண்ணில்தான். நம் கண் பகலில் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தைத்தான் நன்றாகக் காணும். 555 நனோமீற்றர் என்று அதற்கு அளவு சொல்கிறார்கள். இந்த எல்ஈடியில் அதிகமுள்ள 450 நனோமீற்றர் நீலத்தைக் கண் உணர்வது, அந்தப் பச்சையை உணர்வதில் நூற்றுக்கு 4 வீதம் அளவே. ஆனால் அல்காவுக்குப் பிரியமானது அந்த நீலம்தான். கடல் நீர் சிவப்பை மேலேயே குடித்துவிடுகிறது, ஆழத்துக்கு இறங்குவது நீலம். இதைச் சொன்னபோது வாப்பா ஆச்சரியப்படவேயில்லை. "எட்டுப் பாகத்துக்குக் கீழ சிவப்பு மீன் கறுப்பாத்தானே தெரியும்" என்றார். முழுகியவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. மங்கல் மங்கல் என்று திருகைத் திருப்பியவள், இருட்டறையில் இருந்த பிள்ளையை உச்சி வெயிலில் தூக்கி வைத்திருக்கிறேன்.

வீட்டில் விளக்கு மாற்ற நினைக்கும் யாராவது இதை வாசித்தால், கடலாக இருந்தாலென்ன, நன்னீரில் செடி வளர்ப்பவராக இருந்தாலென்ன, ஒன்றைக் கேளுங்கள். கருவி கிடைத்தால் பழைய விளக்கைக் கழற்றுவதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். புதியதை அந்த எண்ணுக்கோ அதற்குச் சற்றுக் கீழோ வைத்துத் தொடங்கி, கிழமைக்கு ஐந்து வீதம் போல் ஏற்றுங்கள். கருவி இல்லாவிட்டால் மூன்றிலொரு பங்கில் தொடங்கி ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலாக இருக்கிறதே என்று மனம் அடிக்கும். அடிக்கட்டும். இன்னொன்று, டியூப் லைட்டின் சூடு தண்ணீருக்கு எவ்வளவு உதவியது என்பது அதைக் கழற்றிய பிறகுதான் தெரியும். ஹீட்டர் முன்னைவிட அடிக்கடி எரியத் தொடங்கியது. நான் போட்ட கரண்ட் கணக்கில் அது இருக்கவில்லை.

மகனிடம் சொல்வதைப் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஒருநாள் கண்ணாடியில் பாசி என்றேன். ஒருநாள் போனில் சார்ஜ் இல்லை என்றேன். பிள்ளைகள் பொய் சொன்னால் நாம் எவ்வளவு கோபிக்கிறோம்! ஜனவரிக் கடைசியில், மொன்டிபோராவின் மேல்பாதியில் மெல்லிய பச்சை மயிர் போல் ஒன்று படரத் தொடங்கிய நாளில், இனி மறைக்க முடியாது என்று நானே அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு வாங்கியது, ஏற்றியது, மறுபடி ஏற்றியது, சோபாவைக் காட்டியது.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வெளுத்த அண்டைக்கே ஏன் சொல்லல்ல உம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. "நீ படிக்கிற பிள்ள..." என்று ஏதோ தொடங்கினேன்.

"முதல் நாளே சொல்லியிருந்தா நானும் உங்களோட இருந்து பார்த்திருப்பனே" என்றான். பிறகு வகுப்பிருக்கிறது என்று வைத்துவிட்டான். இரவு எட்டு மணிக்கு என்ன வகுப்பு? அன்றும் மறுநாளும் அழைப்பில்லை. மூன்றாம் நாள் ஒரு படம் அனுப்பினான். கொப்பித் தாளில் கோடு போட்டுக் கிழமை கிழமையாக எழுதியது. முதற் கிழமை நீலம் இவ்வளவு, வெள்ளை இவ்வளவு, வலை இரண்டு மடிப்பு. மூன்றாம் கிழமை வலை ஒரு மடிப்பு. இப்படி மே மாதம் வரை. அடியில், "ஒவ்வொரு ஞாயிறும் படம் எடுத்து அனுப்புங்க. வெளுத்திருந்தாலும் அனுப்புங்க" என்றிருந்தது.

அனுப்பினேன். ஒவ்வொரு ஞாயிறும், தண்ணீர் மாற்றிய கையோடு. டோர்ச்சின் ஒரு தலை பிப்ரவரி முதற் கிழமையில் கரைந்து, வெறும் கல்லுக் குழல் மிஞ்சியது. மற்ற இரண்டும் மாதக் கடைசியில் விரல் நீட்டின. மொன்டிபோராவின் மேல்பாதி போயிற்று. கீழ்ப்பாதியில் முதலில் ஓர் அழுக்குக் கபில நிறம் வந்தது. பார்க்க அருவருப்பாக இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு மகன், "அதுதான் உம்மா, அதுதான்! அல்கா திரும்பி வருது" என்று எழுதியிருந்தான்.

ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தபோது பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டிக்கு முன்னால் குந்தினான். சற்று நேரம் பார்த்துவிட்டு, காய்ந்த டோர்ச் குழலைத் தட்டி, "இதை வெட்டி எடுக்க வேணாம், இருக்கட்டும்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு குசினிக்கு வந்து சாப்பாடு என்னவென்று கேட்டான்.

இப்போது மொன்டிபோராவின் உயிருள்ள ஓரம், இறந்த மேல்பாதியின்மீது திரும்ப ஏறிக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு ஒரு நெல்மணி அகலம் இருக்கும். அது ஏறிய இடத்தில் பழைய பாசி தெரியவில்லை. விளக்கின் திருகுகளுக்குப் பக்கத்தில் மகன் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி அதில் 210 என்று எழுதி வைத்திருக்கிறான். வாப்பா வெள்ளிக்கிழமைகளில் அழைக்கும்போது சுகம் விசாரித்து முடிந்ததும் கேட்பது ஒன்றுதான், எவ்வளவு தூரம் ஏறியிருக்குது என்று. நான் கமராவைக் கண்ணாடியில் முட்டுமளவுக்குப் பிடிக்கிறேன். "இன்னும் கொஞ்சம் கிட்ட, மகள்" என்கிறார்.